வார்டை மாற்றினார்கள், காரணம் சொல்லவில்லை

கேள்வி: ஆறு வருடமாக ஐ.சி.யூ.வில் நர்ஸாக இருந்தேன். சுழற்சி முறை என்று போன மாதம் பிரசவ வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். முந்தின நாள் சாயங்காலம் ரோஸ்டரைப் பார்த்துத்தான் எனக்கே தெரியும். என்னோடு வேலையில் சேர்ந்த இன்னொரு சிஸ்டர் மட்டும் புறநோயாளிப் பிரிவை விட்டு நகர்ந்ததே இல்லை. நைட் டியூட்டியும் கிடையாது. நான் இங்கே எல்லாவற்றுக்கும் ஜூனியர்களைக் கேட்டு நிற்கிறேன். பழைய இடத்துக்கே அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுக்கலாமா?

பதில்: எழுதிக் கொடுங்கள், சகோதரி. ஆனால் பழைய இடத்தைக் கேட்டு வேண்டாம்.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பிரசவ வார்டு வேலை பிடிக்கவில்லை என்று ஒரு வரிகூட இல்லை. உங்களைச் சுடுவது மாற்றமல்ல, ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றியதும், ஒருவரை மட்டும் விட்டுவைத்ததும்தான். பணியிட உளவியல் ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் காட்டியது. ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் பத்து வாரத்துக்குச் சம்பளத்தை 15 சதவீதம் குறைத்தார்கள். ஓர் ஆலையில் காரணத்தை விளக்கமாக, வருத்தத்தோடு சொன்னார்கள். இன்னொன்றில் ஒப்புக்குச் சொல்லி முடித்தார்கள். ஊழியர்கள் திருடுவது இரண்டு ஆலையிலும் கூடியது, ஆனால் இரண்டாவது ஆலையில்தான் மிக அதிகம். வெட்டு இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

எனக்கு விலக்குக் கொடுங்கள் என்று கேட்டால், நீங்கள் கேட்பதும் அந்தச் சிஸ்டருக்குக் கிடைத்திருக்கும் அதே சலுகைதான். நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் விதியைக் கேளுங்கள். எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றம், யார் யாருக்கு, எத்தனை நாள் முன்பு தெரிவிப்பார்கள், குறை இருந்தால் யாரிடம் சொல்வது? இதை எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். நாலைந்து பேர் சேர்ந்து கையெழுத்திட்டால் இன்னும் நல்லது. அந்தச் சிஸ்டர் பெயரைக் கடிதத்தில் எழுத வேண்டாம். அவருக்கு வீட்டில் நமக்குத் தெரியாத கஷ்டம் இருக்கலாம். விதி எல்லோருக்கும் என்றால் விலக்குக்கும் காரணம் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இன்னொன்றையும் கட்டாயம் கேளுங்கள்: புதிய வார்டில் முதல் சில நாட்கள், பழகிய ஒருவருடன் சேர்ந்து டியூட்டி. இது சலுகை இல்லை, நோயாளியின் பாதுகாப்பு. எத்தனை அனுபவம் உள்ள நர்ஸும் பழக்கமில்லாத பிரிவுக்குப் போனால் ஆரம்ப நிலைக்குத் திரும்ப நேரும் என்று நர்சிங் அறிஞர் பாட்ரிசியா பென்னர் 1984-லேயே எழுதினார். ஜூனியரைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமே இல்லை. பிரசவ வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் மருந்துச் சொட்டை எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்று அவர்கள் சொல்லித் தரட்டும். பிரசவத்துக்குப் பின் ரத்தப்போக்கில், ரத்த அழுத்தம் இறங்கும் முன்பே நாடி ஏறுவதைப் பிடிக்க உங்கள் ஐ.சி.யூ. கண்ணுக்குத் தெரியும். அதை நீங்கள் அவர்களுக்குக் காட்டுங்கள்.