மருத்துவர் பதில்கள்: பேத்திக்குச் சொட்டு மருந்து, தாத்தாவுக்குக் கீமோதெரபி

கேள்வி: ஒன்றரை மாதமான எங்கள் பேத்திக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள். என் கணவர் புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துவருகிறார். சொட்டு மருந்தில் இருக்கும் உயிருள்ள கிருமி அவருக்குத் தொற்றிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். இனி வரும் தடுப்பூசிகளை நிறுத்திவிடலாமா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: தடுப்பூசிகளை நிறுத்தாதீர்கள். ஆனால் உறவினர் சொன்னதை அடியோடு தள்ளவும் முடியாது. சொட்டு மருந்தில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். அது குழந்தையின் குடலில் பெருகிச் சில வாரங்கள் மலத்தில் வெளியேறும். அதனால் வாதம் வருவது பல லட்சம் தவணைகளுக்கு ஒன்று என்ற அளவில் மிக அரிது என்றாலும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர் இருக்கும் வீட்டில் அதையும் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும்.

இப்படிப் பரவும் இயல்புதான் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கும் ஓரளவு பாதுகாப்பைத் தந்தது. 2011 ஜனவரியில் ஹவுராவில் கண்டறியப்பட்ட குழந்தைக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் யாரும் பாதிக்கப்படவில்லை. தடுப்பூசி போடாத குழந்தைகள் நிறைந்த ஊர்களிலோ, சொட்டு மருந்தில் உள்ள அதே வைரஸ் மாதக்கணக்கில் குழந்தைக்குக் குழந்தை தாவி, இழந்த வீரியத்தைத் திரும்பப் பெற்றுவிடுகிறது. அந்தச் சிக்கல் பெரும்பாலும் போலியோ வைரஸின் மூன்று வகைகளில் இரண்டாம் வகையால் வந்ததால்தான் 2016 ஏப்ரலில் அவ்வகையை உலகெங்கும் வழக்கமான சொட்டு மருந்திலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த தவணைக்கு முன் குழந்தை நல மருத்துவரிடம் உங்கள் கணவரின் சிகிச்சையைச் சொல்லுங்கள். இத்தகைய வீடுகளில் சொட்டு மருந்துக்குப் பதிலாக, செயலிழந்த வைரஸால் ஆன போலியோ ஊசியை மட்டும் போடும் வழி இருக்கிறது. அது யாருக்கும் பரவாது. கொடுத்தாகிவிட்ட தவணையை நினைத்துக் கலங்க வேண்டாம். அடுத்த சில வாரங்களுக்குக் குழந்தையின் மலத்துணியைக் கணவர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாற்றுபவர் நக இடுக்கு உட்படக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சமையலறைக்குள் போக வேண்டும். வயிற்றுப்போக்கைத் தடுக்கத் தரும் ரோட்டா வைரஸ் சொட்டு மருந்துக்கும் இதே கவனம் போதும்.

ஒன்பதாம் மாதத்தில் போடும் தட்டம்மை-ரூபெல்லா ஊசியும் உயிருள்ள வைரஸ்தான் என்றாலும், அது குழந்தையிடமிருந்து பிறருக்குத் தொற்றுவதில்லை. கீமோதெரபி எடுப்பவருக்குத் தட்டம்மை வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், பேத்திக்குப் போடும் அந்த ஊசி தாத்தாவுக்கும் காப்புதான். நாள் தள்ளாமல் போட்டுவிடுங்கள். உங்கள் கணவர் மட்டும், தம் புற்றுநோய் மருத்துவர் அனுமதிக்கும் வரை, உயிருள்ள வைரஸ் தடுப்பு மருந்து எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது.