நாலு ஸ்டாரைப் பார்த்து எட்டாயிரம் கட்டலாமா?

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் ஒரு கன்சல்டன்சி மூலம் சென்னையில் பேக் ஆபீஸ் வேலை வந்திருக்கிறது. மாதம் 22,000 சி.டி.சி. (ஓர் ஊழியருக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவு) என்கிறார்கள். ஊழியர்கள் தங்கள் கம்பெனிக்கு மதிப்பெண் போடும் அம்பிஷன்பாக்ஸ் தளத்தில் அந்தக் கம்பெனிக்கு 4.1 ஸ்டார் இருக்கிறது. கூகுள் மேப்பிலோ ‘ஃபிராடு, யாரும் போகாதீர்கள்’ என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறார்கள். ‘அதெல்லாம் போட்டிக் கம்பெனிக்காரன் வேலை, 8,000 கட்டினால் சீட் உறுதி’ என்கிறார் கன்சல்டன்சிக்காரர். எதை நம்புவது? – வாசகர், வள்ளியூர்

பதில்: அந்த 8,000 ரூபாயைக் கட்டாதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கம்பெனிக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறவருக்குக் கூலி தர வேண்டியது கம்பெனி. ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம், என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. அங்கே வரும்படி இல்லாதவர்தான் உங்களிடம் கை நீட்டுவார். ரிஜிஸ்ட்ரேஷன், டாக்குமென்ட் வெரிஃபிகேஷன், லேப்டாப் டெபாசிட், ‘திரும்பக் கிடைக்கும்’ டிரெயினிங் கட்டணம் என்று ரசீதில் என்ன பெயர் போட்டாலும் போகிற பணம் உங்களுடையது. வளைகுடாவுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்டுக்காவது 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டம் இருக்கிறது. அவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும், 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னைக்கு ஏற்றி அனுப்புகிறவருக்கோ ஒரு ரசீதுப் புத்தகமும் கண்ணாடிக் கதவும் போதும் என்று விட்டு வைத்திருக்கிறோம். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் வெற்றுக் காசோலையையும் அவரிடம் மட்டுமல்ல, எவரிடமும் விட்டு வராதீர்கள்.

இனி ஸ்டாருக்கு வருவோம். 4.1 என்பது பல ஊர், பல துறை ஆட்கள் போட்ட மதிப்பெண்ணின் சராசரி. பெங்களூரில் புரோகிராமர் சந்தோஷமாக இருப்பதால் சென்னையில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் உங்களுக்கு என்ன லாபம்? ஊர், பதவி என்று வடிகட்டும் வசதி அந்தத் தளத்தில் உண்டு. சென்னையையும் உங்கள் பதவியையும் தேர்ந்தெடுத்து, கடைசி ஒரு வருட விமர்சனங்களை மட்டும் படியுங்கள். ஐந்து ஸ்டாரையும் ஒரு ஸ்டாரையும் முதலில் ஒதுக்கிவிட்டு இரண்டும் மூன்றும் போட்டவர்களைப் பாருங்கள். நல்லதையும் கெட்டதையும் ஒரே கையால் எழுதுகிறவர்கள் அவர்கள்தான். ஒரே வாரத்தில் வரிசையாக ஐந்து ஸ்டார், ‘பிடிக்காதது’ என்ற இடத்தில் எல்லாரும் ‘எதுவும் இல்லை’ என்றிருந்தால், வேலையில் சேர்ந்த வாரமே எச்.ஆர். பக்கத்தில் நின்று எழுத வைத்தது என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு நேர்மாறாக, வேறு வேறு மாதங்களில் மூன்று பேர் ‘ரிலீவிங் லெட்டர் தரவில்லை’ என்றோ ‘கடைசி மாதச் சம்பளம் வரவில்லை’ என்றோ எழுதியிருந்தால் அதை நம்புங்கள்.

‘சொன்ன சம்பளம் தரவில்லை’ என்ற புகாரை மட்டும் நிதானமாகப் படிக்க வேண்டும். எழுதியவர் சி.டி.சி.யைக் கைக்கு வரும் பணம் என்று நினைத்திருக்கலாம். உங்கள் 22,000க்குள் கம்பெனி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி எல்லாம் அடங்கியிருந்து, அடிப்படைச் சம்பளம் 12,000 என்றால், உங்கள் பங்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ.யும் போகக் கைக்கு ஏறத்தாழ 17,750தான் வரும். தொழில் வரி தனி.

கூகுள் மேப்பில் எழுதுகிறவர் ஊழியராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. வாடிக்கையாளரும் எழுதுவார், இன்டர்வியூவில் தேறாதவரும் எழுதுவார். ‘ஃபிராடு’ என்ற சொல்லைத் தாண்டி என்ன நடந்தது என்று எழுதியிருக்கிறார்களா பாருங்கள். ‘இன்டர்வியூவுக்குப் போனேன், பணம் கேட்டார்கள்’ என்று ஒருவர் எழுதியிருந்தாலே உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கம்பெனி நல்லதாகவே இருந்து, அதன் பெயரை வேறொருவர் வைத்துப் பிழைப்பதும் நடக்கிறது. ஆஃபர் கடிதம் ஜிமெயில் முகவரியிலிருந்து வந்ததா? கம்பெனியின் சொந்தத் தளத்தில் இருக்கும் எண்ணுக்குக் கூப்பிட்டுக் கேளுங்கள். கடிதத்தில் இருக்கும் எண்ணைக் கூப்பிட்டால் கடிதம் எழுதியவரே எடுப்பார்.

பலரும் சறுக்குவது ஒரு இடத்தில். அந்த 4.1 யாருக்குக் கிடைத்தது? ஆஃபர் கடிதத்தின் தலைப்பில் இருப்பது அதே பெயர்தானா என்று ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பேக் ஆபீஸ் வேலைகளில் உட்கார்வது பெரிய கம்பெனியில், சம்பளம் போடுவது ஆள் சப்ளை செய்யும் ஒரு மேன்பவர் கம்பெனி என்பது சகஜம். அப்படியானால் பெரிய கம்பெனியின் ஸ்டார் உங்களுக்குப் பொருந்தாது. அது ஆன்ரோல் ஆட்கள், அதாவது அந்தக் கம்பெனியின் நேரடி ஊழியர்கள், போட்டது. சம்பளச் சீட்டில் வரப்போகும் பெயரைத் தேடிப் படியுங்கள். அங்கே 3.2 என்று இருந்தால் உடனே ஓட வேண்டாம். மேன்பவர் கம்பெனியின் ஆட்கள் பல இடங்களில் வேலை பார்ப்பவர்கள், ஒவ்வோர் இடத்து எரிச்சலும் அந்த ஒரே பெயரின் மேல்தான் விழும். சம்பளம் தேதிக்கு வருகிறதா, பி.எஃப். கட்டுகிறார்களா என்ற இரண்டை மட்டும் அங்கே தேடினால் போதும். ‘ஆறு மாதத்தில் ஆன்ரோல்’ என்று வாயால் சொன்னால் கடிதத்தில் எழுதிக் கேளுங்கள். எழுத மறுத்தால் அது நடக்காது.

பெயர் தெரிந்ததும் ஸ்டாரை விட உறுதியான சாட்சி பி.எஃப். தளத்தில் கிடைக்கும். ‘எஸ்டாப்ளிஷ்மென்ட் சர்ச்’ பக்கத்தில் கம்பெனிப் பெயரின் முதல் சொல்லை மட்டும் போடுங்கள். முழுப் பெயர் போட்டால் ஒரு புள்ளி மாறினாலும் ‘இல்லை’ என்று சொல்லிவிடும். கேப்சா முதல் தடவையிலேயே ஏற்றுக்கொள்ளப்பட்டால் உங்கள் அதிர்ஷ்டம். உள்ளே ‘பேமென்ட் டீடெய்ல்ஸ்’ பகுதியில் எந்த மாதத்துக்கு, எத்தனை பேருக்கு, எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள் என்று இருக்கும். அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மாதக் கணக்கில் இழுத்திருந்தால் சம்பளமும் அப்படித்தான் இழுக்கும். ‘500 ஊழியர்கள்’ என்று சொல்லும் கம்பெனி 23 பேருக்குக் கட்டியிருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

கடிதத்தின் அடியில் 21 எழுத்தும் எண்ணுமாக ஒரு சி.ஐ.என்., அதாவது கம்பெனியின் பதிவு எண், இருக்க வேண்டும். 9 முதல் 12ஆம் இடம் வரை உள்ள நான்கு இலக்கம் கம்பெனி பதிவான ஆண்டு. ‘இருபது வருடப் பாரம்பரியம்’ என்பவரின் கடிதத்தில் 2023 என்று இருந்தால் அந்த வருடங்கள் எங்கே என்று கேளுங்கள்.

ஏற்கெனவே பணம் அனுப்பியிருந்தால் இன்றே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்குக் கூப்பிடுங்கள். தாமதித்தால் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். பணம் கேட்காத வழி வேண்டுமென்றால் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமுக்குப் போகலாம், கட்டணம் கிடையாது. ஆனால் அங்கேயும் மேன்பவர் கம்பெனிகள் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும். ‘சம்பளச் சீட்டில் யார் பெயர் வரும்?’ என்ற கேள்வியை அங்கேயும் கேட்டுவிட்டு பயோடேட்டாவைக் கொடுங்கள்.