மெஷினில் அறுத்த நெல்லில் தூசியா? முதலில் ஆக்சிலேட்டரைப் பாருங்கள்

சிங்கப்பூர் உட்லண்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "மன்னார்குடிப் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர். அப்பாதான் பார்த்துக்கொள்கிறார். சம்பா அறுவடைக்குப் புரோக்கர் மூலம் பெல்ட் மெஷின் (டயருக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் அறுவடை இயந்திரம்) விட்டோம். தூசியும் வைக்கோல் துண்டும் அதிகம் என்று அரசு கொள்முதல் நிலையத்தில் நெல்லைத் திருப்பிவிட்டார்கள். வயலிலும் நிறையக் கொட்டிக் கிடக்கிறதாம். ரகம் சரியில்லை என்கிறார் டிரைவர். இன்னும் மூன்று ஏக்கர் பாக்கி. அப்பாவிடம் என்ன சொல்லட்டும்?"

டிரைவர் சொல்வதை நம்ப வேண்டாம். கருக்காய் (மணி பிடிக்காத பதர்) அதிகமென்றால் ரகத்தையோ, பூக்கும் நேரத்தில் பெய்த மழையையோ சொல்லலாம். நெல் தொட்டிக்குள் வைக்கோல் துண்டு வருவதற்கும் ரகத்துக்கும் சம்பந்தமே இல்லை. அது மெஷினை ஓட்டிய விதம்.

நான் முதலில் சந்தேகப்படுவது ஆக்சிலேட்டரை. கதிரடிக்கும் டிரம், சல்லடை, காற்று வீசும் புளோயர் மூன்றும் ஒரே இன்ஜினில் ஓடுகின்றன. இன்ஜின் முழு வேகத்தில் இருந்தால்தான் மூன்றும் சரியாக வேலை செய்யும். வண்டி மெதுவாகப் போகத் தனி லிவர் இருக்கிறது. அதற்காக ஆக்சிலேட்டரைக் குறைக்கக் கூடாது. ஆனால் டீசல் செலவு மெஷின்காரருடையது. அதனால் பல டிரைவர்களுக்கு மேலிருந்து வரும் உத்தரவே டீசலை மிச்சம் பிடி என்பதுதான். இன்ஜின் சத்தம் இறங்கியதும் காற்று குறைகிறது, சல்லடை ஆட்டம் குறைகிறது, தூசி நேராகத் தொட்டிக்கு வருகிறது.

அப்பா சத்தம் போட்டால் டிரைவர் என்ன செய்வார் தெரியுமா? ஆக்சிலேட்டரைத் தொடமாட்டார், புளோயர் காற்றை மட்டும் கூட்டிவிடுவார். தொட்டியில் நெல் பளிச்சென்று இருக்கும், எல்லோருக்கும் திருப்தி. நல்ல மணி பின்பக்கமாக வைக்கோலோடு பறந்துகொண்டிருக்கும். மெஷின்காரர்கள் விவசாயியை ஏமாற்றுவதில் இதுதான் எனக்கு மிகவும் கோபம் வரும் இடம். தொட்டியை மட்டும் பார்க்காதீர்கள், மெஷினுக்குப் பின்னால் நடந்து தரையைப் பாருங்கள்.

உங்கள் வயலில் தூசி, சேதாரம் இரண்டும் சேர்ந்தே இருக்கின்றன. அப்படியென்றால் வண்டியும் அளவுக்கு மீறிய வேகத்தில் போயிருக்கலாம். வைக்கோல் சல்லடை மேல் பாய் விரித்ததுபோல் படிந்துவிட்டால் காற்று ஊடே போகாது. மேலே இருக்கும் மணி கீழே இறங்க வழியில்லாமல் வைக்கோலோடு வெளியே போய்விடும். இதில் நம் பங்கும் உண்டு. வாடகை மணிக்கணக்கு என்பதால் "சீக்கிரம், சீக்கிரம்" என்று விரட்டுவது பெரும்பாலும் விவசாயிதான். மணிக்கு 2,400 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் பத்து நிமிடத்துக்கு 400 ரூபாய்தான். 2025-26-இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,369 ரூபாய். மாநில ஊக்கத்தொகையைச் சேர்க்காமலே 40 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய 950 ரூபாய். எதை மிச்சம் பிடிப்பது என்று அப்பாவே முடிவு செய்யட்டும்.

சேதாரத்தை அளக்க ஒரு சுலபமான வழி. ஓர் அடிக்கு ஓர் அடி கம்பிச் சட்டம் ஒன்று செய்துகொள்ளுங்கள். மெஷின் போன தடத்தில் நடுவிலும் இரு ஓரங்களிலும் சட்டத்தை வைத்து, வைக்கோலை உதறிவிட்டு, உள்ளே கிடக்கும் மணிகளை எண்ணி சராசரி பாருங்கள். அறுக்கும் முன்பே உதிர்ந்து கிடந்ததைக் கழித்துக்கொள்ளுங்கள். சதுர அடிக்கு ஒரு மணி என்றால் ஏக்கருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ. நாற்பது மணி கிடந்தால் ஒரு மூட்டை போயிற்று. இருபது, முப்பது என்றால் பேசாமல் விடலாம். ஐம்பதைத் தாண்டினால் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். ஊரில் காலை ஒன்பதரை, பனி காய்ந்து அறுப்பு தொடங்கும் நேரம், உங்களுக்கு மதியம் பன்னிரண்டு. சாப்பாட்டு இடைவேளையில் வீடியோ காலில் நீங்களே எண்ணிப் பார்க்கலாம்.

திருத்தும் வரிசை முக்கியம். முதலில் இன்ஜின் முழு வேகம். அடுத்து வண்டி வேகத்தைக் குறைப்பது. அதற்கும் தூசி அடங்காவிட்டால் மட்டும் புளோயரைக் கொஞ்சம் கூட்டுவது. தொட்டியில் ஒரு கைப்பிடி அள்ளிப் பாருங்கள். உமி உரிந்து அரிசி தெரிந்தாலோ, மணி உடைந்திருந்தாலோ டிரம் வேகம் அதிகம், அல்லது டிரம்முக்கும் அதன் அடித்தட்டுக்கும் இடைவெளி போதவில்லை. வெளியே விழும் வைக்கோலில் கதிரோடு மணி ஒட்டியிருந்தால் இதற்கு நேர் எதிர்.

பயிர் சாய்ந்திருந்தால் மட்டும் கணக்கு வேறு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் தை மழையில் சம்பா சாய்வது புதிதல்ல. பெரிய நஷ்டம் வருவதும் அதில்தான். சாய்ந்த பயிரைச் சாய்ந்த திசையிலேயே அறுத்தால் கத்தி கதிரைத் தொடாமல் மேலே வழுக்கிப் போகும். கதிர் நுனி மெஷினைப் பார்த்து இருக்கும்படி, எதிர்ப்பக்கமிருந்து வர வேண்டும். முன்னால் சுற்றும் ரீலை முன்னே தள்ளி, தாழ்த்தி, அதன் கம்பிப் பற்கள் பயிரைத் தூக்கிக் கொடுக்கும்படி சாய்க்க வேண்டும். ரீல் வேகம் வண்டி வேகத்தைவிடச் சற்றே கூடுதலாக இருந்தால் போதும். அதற்கு மேல் போனால் ரீலே அடித்து உதிர்த்துவிடும். கத்தியைத் தரையோடு தேய்த்தால் சேறு உள்ளே போகும், அந்த மண்ணும் நிலையத்தில் குற்றமாகும். ஒரு பக்கமாக மட்டும் அறுத்துவிட்டு வெறும் வண்டியாகத் திரும்ப வேண்டும். இதற்கு நேரம் அதிகம் ஆகும். அந்த வாடகையை முகம் சுளிக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள்.

புரோக்கரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அவருக்குக் கமிஷன் மணிக்கணக்கில் என்றால் சேதாரத்தைப் பற்றி அவருக்கு என்ன கவலை? டீசல் ஊற்றும் நேரம், பழுது பார்க்கும் நேரம், அடுத்த வயலிலிருந்து வரும் நேரம் வாடகையில் சேராது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முதல் சுற்று முடிந்ததும் வண்டியை நிறுத்தித் தரையைப் பார்ப்போம் என்பதையும் ஒப்புக்கொள்ள வையுங்கள். முன்பணம் முழுவதையும் இங்கிருந்து அனுப்பிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பணம் என்று தெரிந்தால் இரண்டு மணி நேரம் மூன்றாகிவிடும்.

ஈரப்பதம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் வரும். மெஷின் அறுப்புக்கு மணியில் 20 சதவீதத்துக்குச் சற்று மேல் ஈரம் இருப்பதே நல்லது. நன்றாகக் காயவிட்டால் உதிரும். கொள்முதலுக்கோ 17 சதவீதம் வரம்பு. இடையில் உள்ள ஈரத்தை விவசாயி எங்கே காயவைப்பது? உலர்களம் போதாமல் தார்ச்சாலையில் கொட்டுகிறார்கள். மழைக்குப் பிறகு தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம், அங்கிருந்து குழு, மாதிரி, உத்தரவு என்று நடப்பதற்குள் மூட்டையிலேயே நெல் முளைவிடுகிறது. இத்தனை ஆண்டாகியும் இதை ஒழுங்குபடுத்த ஒருவருக்கும் மனமில்லை.

திரும்பி வந்த நெல்லை வியாபாரியிடம் அவசரப்பட்டுக் கழிவு விலைக்குக் கொடுக்க வேண்டாம். வைக்கோல், தூசிக்கு நிலையத்தின் வரம்பு 1 சதவீதம். 40 கிலோ மூட்டைக்கு 400 கிராம். வெயிலில் ஒரு நாள் காயவைத்து, மின்விசிறி வைத்து ஒருமுறை தூற்றினால் அந்த அளவுக்குள் வந்துவிடும். தூற்றிய பிறகு இரண்டு மூன்று மூட்டையிலிருந்து மாதிரி எடுத்து அப்பா முதலில் காட்டட்டும். சரி என்று சொன்ன பிறகு வண்டி பிடித்தால் போதும்.