துணிமணி கேள்வி பதில்: கனத்த பனியன் நல்ல பனியனா?

அக்கா, என் மகன் ஆன்லைனில் டி-ஷர்ட் பார்க்கிறான். ஒன்றில் 180 ஜிஎஸ்எம், இன்னொன்றில் 240 ஜிஎஸ்எம் என்று போட்டிருக்கிறது. 240 தான் வேண்டுமாம். கனம் கூடினால் தரம் கூடும் என்கிறான். வாங்கித் தரலாமா?
– மன்னார்குடி வாசகி

ஜிஎஸ்எம் என்றால் பயப்பட ஒன்றுமில்லை. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரத் துணி எத்தனை கிராம் இருக்கிறது என்ற கணக்கு, அவ்வளவுதான். பனியன் கம்பெனிகளில் இதற்கென்றே ஒரு வட்ட வெட்டி வைத்திருப்பார்கள். துணி மேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டரில் ஒரு வில்லை வெட்டுப்படும். அதை எடை போட்டு, வருகிற கிராமை 100-ஆல் பெருக்க வேண்டும். 1.8 கிராம் என்றால் 180 ஜிஎஸ்எம். என்னிடம் அந்த வெட்டி இல்லை. பிட்டுத் துணியில் 10-க்கு 10 சென்டிமீட்டர் கத்தரித்துக்கொண்டு பக்கத்து நகைப் பட்டறைக்குப் போவேன். "அக்கா இன்னைக்கு என்ன பவுன் கொண்டாந்திருக்கு?" என்று கேட்டுக்கொண்டே அந்தத் தம்பி தராசில் போட்டுத் தருவார்.

கத்தரிக்க முடியாத வேட்டி, புடவையை முழுசாகவே மளிகைக் கடைத் தராசில் வைக்கலாம். என் மாமனாரின் எட்டு முழ வேட்டி 460 கிராம். நீளம் 3.60 மீட்டர், அகலம் 1.27 மீட்டர், பெருக்கினால் ஏறக்குறைய 4.57 சதுர மீட்டர். வகுத்துப் பாருங்கள், 100 ஜிஎஸ்எம்முக்குப் பக்கத்தில் வரும்.

சரி, உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். கனத்த பனியன் துணி தோளில் நன்றாக நிற்கும், உடம்பு வெளியே தெரியாது, கழுத்துப் பட்டியும் சீக்கிரம் தொளதொளக்காது. இதெல்லாம் உண்மை. ஆனால் நான் கடையில் துணி தொடும்போது மனசுக்குள் போடுவது ஈர எடை. நம் ஊரில் பாதி நாள் துணி ஈரமாகத்தானே இருக்கிறது! சித்திரையில் வியர்வை, ஐப்பசியில் அடைமழை. ஒருமுறை வீட்டிலிருந்த இரண்டு பருத்தி டி-ஷர்ட்டுகளைக் காய்ந்த நிலையில் எடை போட்டேன். 180 ஜிஎஸ்எம் சட்டை 200 கிராம், 240 ஜிஎஸ்எம் சட்டை 270 கிராம். நனைத்துக் கையால் பிழிந்து மறுபடி போட்டேன். முதலாவது 420, இரண்டாவது 590. அந்த 170 கிராம் வித்தியாசம்தான் ஐப்பசியில் மூன்றாம் நாளும் கொடியில் தொங்கி, ஈர வாடை அடிக்கும்.

அதனால் மன்னார்குடியில் போட 160-லிருந்து 180 போதும். மகன் பெங்களூருக்கோ ஊட்டிக்கோ படிக்கப் போகிறான் என்றால் 240 வாங்கிக் கொடுங்கள்.

அதற்காக எடை குறைந்தாலே குளுமை என்றும் நினைத்துவிடாதீர்கள். சுடிதாருக்கு வைக்கிற பாலியஸ்டர் லைனிங் 70 ஜிஎஸ்எம்கூட இருக்காது. போட்டுக்கொண்டு மதியம் பஸ்ஸில் ஏறினால் தெரியும். பருத்தி சும்மா காற்றில் கிடக்கும்போதே தன் எடையில் 8 சதவீதம் அளவுக்கு ஈரம் பிடித்து வைத்திருக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. உறிஞ்ச ஆளில்லாமல் வியர்வை முதுகிலேயே வழியும். இரண்டு மடங்கு கனமுள்ள கதர்ச் சட்டை அதைவிடக் குளுமையாக இருப்பது இதனால்தான். கதரில் நெசவும் கொஞ்சம் இளக்கம், காற்று உள்ளே வந்து போகும்.

வேட்டிக் கடையில் 40, 60, 100 என்று நம்பர் சொல்கிறார்கள். இதுவும் ஜிஎஸ்எம் தானா?
– பாபநாசம் வாசகர்

இல்லைங்க, அது நூலின் நம்பர். இங்கே கணக்குத் தலைகீழ்: நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. 840 கஜ நீள நூலைச் சுற்றிய கட்டுக்குச் சிட்டம் என்று பெயர். ஒரு பவுண்டு நூலில் அப்படி எத்தனை சிட்டம் கிடைக்கிறது என்பதே நம்பர். 40 சிட்டம் கிடைத்தால் 40-ஆம் நம்பர். அதே ஒரு பவுண்டில் 100 சிட்டம் இழுக்க வேண்டுமானால் நூல் எவ்வளவு மெலிய வேண்டும், பாருங்கள்.

தினம் கட்டி, வயலுக்கும் கடைத்தெருவுக்கும் போக 40 நல்ல உழைப்பு. கல்யாணத்துக்கு 100 கட்டலாம், ஆனால் உள்ளே நல்ல டிராயர் வேண்டும்! ஒன்று மட்டும் கவனியுங்கள். புது வேட்டி விறைப்பாக, கனமாக இருந்தால் அதில் கஞ்சிக்கும் பங்கு உண்டு. ஓரத்தை இரண்டு விரலுக்கு நடுவில் கசக்கி உதறுங்கள். மாவு மாதிரி உதிர்ந்தால், நீங்கள் காசு கொடுத்து வாங்கும் கனம் முதல் சலவையில் வாய்க்காலோடு போய்விடும்.

ரேயான் துணி எடுத்து அனார்கலி தைக்கக் கொடுத்தேன். இரண்டு தடவை துவைத்ததும் கீழ் ஓரம் ஏற்ற இறக்கமாகிவிட்டது. தையல்காரர் மேல் தப்பா, துணி மேல் தப்பா?
– நாகப்பட்டினம் வாசகி

இதில் நானே மாட்டிக்கொண்டவள். ஏழெட்டு வருடம் முன்பு என் தங்கை மகள் காதுகுத்துக்கு முழு வட்ட அனார்கலி தைத்தேன். கடைக்காரர் "வெயிட்டான ரேயான், அருமையா விழும்" என்றார். விழத்தான் செய்தது. வாங்கிய அன்றே வெட்டி, ராத்திரியே ஓரம் அடித்து, இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டேன். விசேஷம் முடிந்து ஒரு துவையல் போட்டதும் தங்கை பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டினாள். மேல் உடம்பு ஓர் அங்குலம் சுருங்கியிருக்கிறது. கீழே நேர்நூலில் வந்த இடமெல்லாம் அப்படியே நிற்க, கிராஸில், அதாவது நூலுக்குச் சாய்வாக வந்த நான்கு இடமும் இரண்டு விரற்கடை தொங்குகிறது. நாலு மூலை வைத்த குடை மாதிரி!

துணி கனமாக இருக்க இருக்க, கிராஸில் வெட்டிய பகுதியை அதன் எடையே கீழே இழுக்கும். நனைந்தால் இன்னும் மோசம். ரேயான் தண்ணீர் நிறையக் குடிக்கும், ஈரத்தில் ஏறக்குறைய பாதி வலுவை இழந்துவிடும். அதைப் போய்த் துவைக்கிற கல்லில் அடித்தால் என்ன ஆகும்? இப்போதெல்லாம் ரேயான் வந்தால் முதலில் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டு, நிழலில் காய வைத்துத்தான் கத்தரி வைக்கிறேன். வட்ட வெட்டு என்றால் ஓரம் அடிக்காமல் இரண்டு நாள் ஹேங்கரில் மாட்டி, தொங்குகிற மட்டும் தொங்கவிட்டு, பிறகு தரையிலிருந்து அளந்து சீராக வெட்டுவேன். வாடிக்கையாளர்கள் "எப்ப அக்கா தருவீங்க" என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

உங்களுடையதைத் தையல்காரரிடம் கொடுத்து, மாட்டிக்கொண்டு நின்று, ஓரத்தைத் திரும்ப அளந்து அடிக்கச் சொல்லுங்கள். நீளம் கொஞ்சம் குறையும். அடுத்த முறை மெலிசாக எடுங்கள், முழு வட்டமாக இல்லாமல், நீளத் துண்டுகளாக வெட்டி இணைக்கிற பானல் வெட்டாகத் தையுங்கள்.

திருபுவனத்தில் பட்டு எடுக்கப் போகிறோம். கனமான புடவைதான் அசல் என்று மாமியார் சொல்கிறார்.
– மயிலாடுதுறை வாசகி

மாமியாரிடம் இதைக் காட்ட வேண்டாம். கனத்தை வைத்து அசல் சொல்ல முடியாது. அசல் சரிகையில் பட்டு நூல் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் இருக்கும், அது கனக்கும். செம்பில் செய்த போலிச் சரிகையும் கனக்கத்தான் செய்யும். பட்டுக்கு, சுத்தப் பட்டு என்று சான்று சொல்லும் சில்க் மார்க் சீட்டு இருக்கிறதா என்று பாருங்கள். சரிகை என்ன ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். முகூர்த்தப் புடவை கனமாக இருக்கட்டும், போட்டோவுக்கு மடிப்பு நிற்கும். ஓமப் புகையில் உட்கார்ந்து எழுந்ததும் மாற்றிக்கொள்ள, சின்ன பார்டரில் மெலிசாக ஒன்று எடுத்து வையுங்கள்.

12 அவுன்ஸ் ஜீன்ஸ் என்றால் எத்தனை ஜிஎஸ்எம்?
– திருத்துறைப்பூண்டி கல்லூரி மாணவர்

ஒரு சதுர கஜத்துக்கு ஓர் அவுன்ஸ் என்பது 34 ஜிஎஸ்எம்முக்குக் கொஞ்சம் குறைவு. 12 அவுன்ஸ் என்றால் 407. மழைக்காலத்தில் அதைக் காயவைக்க உன் அம்மா படும் பாட்டை நினைத்து 9 அல்லது 10 அவுன்ஸில் எடு தம்பி.