இருபத்தெட்டு இன்ச் என்ற வம்பு: பழைய சைக்கிள் டயர் கேள்வி பதில்

பழைய சைக்கிள்களைக் கழற்றிப் பூட்டுவது எனக்கு முப்பது வருடப் பழக்கம். சிங்கப்பூரின் சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடும்வரை ஞாயிற்றுக்கிழமை காலை என்னை அங்கேதான் பார்க்கலாம். ‘திருடர் சந்தை’ என்று பெயர் வாங்கிய அந்த இடத்தில் நான் ஒருமுறைகூட ஏமாந்ததில்லை. டயரைக் கையில் எடுத்து, வளைத்து, முகர்ந்துகூடப் பார்த்துத்தானே வாங்கினோம்! இப்போது எல்லாம் போனில். டயர் தேடுவது பற்றியும் ஏமாறாமல் வாங்குவது பற்றியும் வந்த கேள்விகளில் சிலவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி (ஈசூன்): அண்ணே, தாத்தாவின் ராலே சைக்கிள். ராடு பிரேக் (கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்) வைத்தது. டயர் உதிர்ந்துவிட்டது. ரிம்மில் 28 என்று இருக்கிறது. ஆன்லைனில் 28 இன்ச் டயர் இரண்டு வாங்கினேன். எவ்வளவு முக்கினாலும் ஏறவில்லை. போலி டயரா?

பதில்: போலி இல்லை தம்பி. இந்த ‘28 இன்ச்’தான் வம்பு. அது ரிம்மின் அளவே இல்லை. அந்தக் காலத்தில் காற்றடித்த டயரின் வெளி விட்டத்தை உத்தேசமாகச் சொன்னது. தடித்த டயர், மெல்லிய டயர் என்று வர வர, ஒரே 28க்குக் கீழே வெவ்வேறு ரிம்கள் வந்து சேர்ந்தன. இன்று கடையில் 28 என்று விற்பது பெரும்பாலும் 622 மில்லிமீட்டர் ரிம்முக்கானது. உன் தாத்தாவின் ராடு பிரேக் ராலே அநேகமாக 28 x 1½, அதாவது 635. விட்டத்தில் 13 மில்லிமீட்டர் வித்தியாசம். டயர் ஏற்றும் லீவர் உடையும், டயர் ஏறாது.

இந்த மூன்று இலக்க எண் டயரின் பக்கவாட்டில் 40-635 என்பது போல அச்சாகியிருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது, டயரின் ஓரத்துக்குள் ஓடும் கம்பி ரிம்மில் உட்காரும் இடத்தின் விட்டம். இரண்டாவதைத்தான் பார்க்க வேண்டும். பழைய ரிம்மில் அதை எழுதியிருக்க மாட்டார்கள், நீயே அளந்துகொள். டயர், டியூப் இரண்டையும் எடுத்துவிட்டு, ரிம்மின் உதட்டுக்கு உள்ளே கம்பி உட்காரும் தளத்தின் மேல், இழுத்தால் நீளாத நூலை ஒரு சுற்று இறுக்கிச் சுற்று. சந்திக்கும் இடத்தில் பேனாவால் புள்ளி வை. பிரித்து ஸ்கேலில் நீட்டிப் பார்: 199.5 செ.மீ. பக்கம் வந்தால் 635. 195.4 வந்தால் 622. 197.9 வந்தால் அது 27 இன்ச் ரேஸ் சைக்கிளின் 630. உதட்டின் மேல் சுற்றிவிடாதே, அங்கே அளவு கூடிவிடும். நான் 199.5இல் முடிச்சுப் போட்ட நூல் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கு அது ஒரு கேலிப்பொருள்.

635 அரிய சரக்கு இல்லை. இந்தியாவில் இன்றும் பால்காரர் ஓட்டும் கறுப்புச் சைக்கிளுக்கும், சீனாவின் ஃப்ளையிங் பிஜனுக்கும் அதே அளவுதான். ஷ்வால்பே என்ற டயர் கம்பெனிக்காரன் இதே 40-635இல் கிரீம் நிறத்திலும் போடுகிறான். விலை கூட, ஆனால் பழைய ராலேயில் பார்த்தால் கண் எடுக்க முடியாது.

கேள்வி (தெம்பனிஸ்): அம்மாவின் லேடீஸ் சைக்கிள், 26 x 1 3/8. மவுண்டன் பைக்கின் 26 டயர் போடலாமா?

பதில்: கூடாதும்மா. மவுண்டன் பைக் 559, உங்களுடையது ஆங்கிலேயச் சைக்கிளாக இருந்தால் 590. பின்னமாக எழுதிய 26உம் புள்ளி வைத்து எழுதிய 26உம் வேறு வேறு சாதி. இன்னொன்று, அமெரிக்க ஷ்வின் சைக்கிளில் அதே 26 x 1 3/8 என்று எழுதியிருந்தாலும் அது 597. கெண்டா என்ற டயர் கம்பெனிக்காரன் இரண்டையும் செய்கிறான், எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி (பொங்கோல்): ஒருவர் கிரீம் டயர் ஜோடி 60 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போட்டிருக்கிறார். நிறைய பேர் கேட்கிறார்களாம், பாதிப் பணத்தைப் பேநவ்வில் (போன் நம்பருக்கே வங்கிப் பணம் அனுப்பும் முறை) அனுப்பினால் எடுத்துவைப்பாராம். நம்பலாமா?

பதில்: நான் இதே கதையில் 85 வெள்ளி இழந்தவன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். என் ஆளும் கிரீம் டயர்தான் காட்டினார். தெம்பனிஸில் இருப்பதாகச் சொன்னார். பேச்செல்லாம் தங்கம். பணம் போன பிறகு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: டயர் சாய்ந்திருந்த சுவரில் பிளக் பாயிண்ட், அதில் இரண்டு உருண்டைத் துளை. நம் வீட்டில் மூன்று செவ்வகத் துளை அல்லவா? ஐரோப்பாவில் யாரோ எடுத்த படம். பத்து வினாடி முன்பே பார்த்திருக்கலாம். ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் செய்வது இதுதான். டயரில் அச்சிட்ட மூன்று இலக்க எண் தெளிவாகத் தெரியும்படி ஒரு படம் கேட்பேன். பக்கத்தில் ஒரு துண்டுத் தாளில் ‘கோப்பி ஓ’ என்று கையால் எழுதி வைக்கச் சொல்வேன். உண்மையில் டயர் வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டே ஐந்து நிமிடத்தில் அனுப்பிவிடுவார். இல்லாதவர் கோபப்படுவார், அல்லது “28 இன்ச்தான், எல்லாவற்றுக்கும் பொருந்தும்” என்பார். அந்த ஒரு வாக்கியம் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுவேன். ஒன்று அவரிடம் டயர் இல்லை, அல்லது இருந்தும் உதவாது. படத்தையே இட்டுக்கட்டும் காலம் இது என்பதால் சந்தேகம் இருந்தால் டயரைக் கட்டைவிரலால் அமுக்கும் சின்ன வீடியோவும் கேட்கலாம்.

பேநவ்வில் பெயர் தெரிகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். மோசடிக்காரர்கள் அடுத்தவர் கணக்கை வாடகைக்கு எடுத்துத்தான் பணம் வாங்குகிறார்கள். பெயர் நிஜம், ஆள் வேறு. பேசிக்கொண்டிருக்கும் செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்கோ டெலிகிராமுக்கோ கூப்பிட்டாலும் போகாதீர்கள். வாங்கும் தளம் எப்படி என்று பார்க்க உள்துறை அமைச்சு 2022 முதல் தளங்கள் மோசடியைத் தடுப்பதில் எப்படி என்று டிக் குறி போட்டு மதிப்பீடு வெளியிடுகிறது, ஒருமுறை எட்டிப் பாருங்கள். எல்லாவற்றிலும் நல்லது, எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நேரில் பார்த்து, தொட்டு, பிறகு காசு கொடுப்பது. சிங்கப்பூர் சின்ன ஊர்தானே. 60 வெள்ளி டயரைக் காட்ட பொங்கோல் வரை வர முடியாதவர் விற்க வேண்டாம்.

கேள்வி (உட்லண்ட்ஸ்): 1970களில் வாங்கி, பயன்படுத்தாமலே வைத்திருந்த டன்லப் டயர் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, லேபிளோடு. 120 வெள்ளி. வாங்கலாமா?

பதில்: சுவரில் மாட்டவென்றால் வாங்குங்கள். ஓட்ட வேண்டாம். ரப்பர் ஓட்டினாலும் கெடும், சும்மா இருந்தாலும் கெடும். மேலே பளபளப்பாக இருக்கும், கம்பியும் துணியும் சேரும் இடத்தில் இற்றிருக்கும். பக்கவாட்டை இரண்டு விரலால் கிள்ளி வளைத்துப் பாருங்கள். மயிரிழை வெடிப்பு வரிசையாகத் தெரிந்தால் முடிந்தது. நல்ல டயரை வீட்டில் வைக்க வீட்டுக்குள் இருக்கும் பாம் ஷெல்டர் (பதுங்கு அறை) அருமையான இடம், இருட்டு இருக்கும். ஆணியில் மட்டும் மாட்டாதீர்கள், கம்பி மடங்கிவிடும்.

கேள்வி (ஜூரோங் வெஸ்ட்): அண்ணன் திருச்சியிலிருந்து வருகிறார். இரண்டு டயர் கொண்டுவரச் சொல்லலாமா? பெட்டியில் எப்படிக் கொள்ளும்?

பதில்: தாராளமாக. சென்னை அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய டிஐ சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் செய்த நாளிலிருந்து அங்கே இந்த அளவு சர்வ சாதாரணம். கடையில் “இருபத்தெட்டு ஒன்றரை” என்று கேட்கச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். ஆனால் வாங்கும் முன் டயரில் 635 இருக்கிறதா என்று படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கூடவே பத்து வால்வ் டியூப்பும்; காற்றடிக்கும் வால்வின் மேல் மாட்டும் அந்தக் குட்டி ரப்பர் இங்கே தேடினால் கால் தேயும்.

கம்பி டயரை மூன்று வளையமாகச் சுருட்டலாம். இரண்டு பக்கமும் பிடித்து எட்டு போல முறுக்குங்கள், ஒரு வளையத்தை மற்றதன் மேல் மடக்குங்கள், தானாகவே மூன்றாவது விழும். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வந்துவிடும். நூலால் கட்டி, நடுவில் சட்டை துணிமணி திணிக்கலாம். வலுக்கட்டாயமாக மடித்தால் கம்பி நெளியும், நெளிந்த டயர் ரிம்மில் ஒருநாளும் நேராக உட்காராது. கைக்கு வராவிட்டால் யூடியூபில் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், எழுத்தில் சொல்வது கஷ்டம்.

கேள்வி (பிடோக்): வெளிநாட்டுத் தளத்தில் டயர் வாங்கினேன். இப்போது “வரி 2.90 வெள்ளி கட்டினால்தான் பொட்டலம் வரும்” என்று குறுந்தகவல், ஒரு இணைப்போடு.

பதில்: தொடாதீர்கள். 2023 ஜனவரி முதல் 400 வெள்ளிக்குள் இருக்கும் இறக்குமதிப் பொருளுக்குப் பெரிய தளங்கள் ஜிஎஸ்டியை வாங்கும்போதே சேர்த்துப் பிடித்துவிடுகின்றன. இப்போது 9 விழுக்காடு. உங்கள் ரசீதில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். அவர்களுக்கு வேண்டியது உங்கள் 2.90 இல்லை, கார்டு எண்.

கேள்வி (செங்காங்): நான் பழைய ரிம் விற்கிறேன். வாங்குபவர் “பணம் அனுப்பிவிட்டேன், பெற்றுக்கொள்ள இதைத் திறங்கள்” என்று கியூஆர் அனுப்புகிறார்.

பதில்: பணம் வாங்க நீங்கள் எதையும் திறக்க வேண்டாம், எதையும் பதிவிறக்க வேண்டாம். உங்கள் பேநவ் நம்பர் போதும். வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு ரிம்மைக் கொடுங்கள்.

கேள்வி (அங் மோ கியோ): அங்கிள், ஏற்கெனவே 140 வெள்ளி அனுப்பிவிட்டேன். பதிலே இல்லை. என்ன செய்வது?

பதில்: முதலில் வங்கி, இந்த நிமிடமே. பணம் அடுத்த கணக்குக்கு நகரும் முன் பிடிக்க முடிந்தால் உண்டு. பிறகு காவல்துறையில் புகார், இணையத்திலேயே செய்யலாம். பேச்சு முழுவதையும் படம் பிடித்து வையுங்கள். அவர் கணக்கை அழித்துவிட்டால் உங்களிடம் இருப்பதுதான் சாட்சி. சந்தேகம் கேட்க ஸ்கேம்ஷீல்டு உதவி எண் 1799, நாள் முழுவதும் எடுப்பார்கள். வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிடாதீர்கள். நான் அப்படித்தான் மூன்று நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தேன், அதற்குள் பணம் எங்கோ போய்விட்டது. இன்னொன்று, “பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் கட்டுங்கள்” என்று யாராவது வந்தால் அது அதே கூட்டத்தின் இரண்டாவது சுற்று.

கேள்வி (தோ பாயோ): மர ரிம் கிடைத்திருக்கிறது. டயர்?

பதில்: அது பெரும்பாலும் பசை போட்டு ஒட்டும் டயருக்கானது. அழகு பார்க்க வையுங்கள்.

கேள்வி (ஈசூன், மறுபடியும்): அண்ணே, நூல் 199.5. சரியான டயர் வந்து ஏறிவிட்டது! காற்று எவ்வளவு?

பதில்: டயரில் அதிகபட்சம் போட்டிருப்பதை அப்படியே அடிக்காதே. பழைய இரும்பு ரிம்மில் டயரைக் கவ்விப் பிடிக்கும் கொக்கி கிடையாது. முதலில் 20 பிஎஸ்ஐ அடித்து நிறுத்து. சக்கரத்தைச் சுழற்றி, டயரின் ஓரக் கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே தூரத்தில் ஓடுகிறதா பார். ஒரு இடத்தில் மேலே ஏறினால் காற்றை இறக்கி, அங்கே கையால் அமுக்கி உள்ளே தள்ளு. அப்புறம் 45, மிஞ்சினால் 50. ராடு பிரேக் கட்டை ரிம்மின் உள்பக்கம்தான் பிடிக்கும், அதனால் அந்த இடத்தில் எண்ணெய்க் கை படாமல் பார்த்துக்கொள். முடிந்ததும் சைக்கிள் படம் அனுப்பு, துண்டுச் சீட்டு வேண்டாம்.