முதல் இடத்துக்கு ஏறி குவாட்டர்பேக் எடுக்கலாமா?

வணக்கம். உங்கள் NFL (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி 3 வெற்றியோடு முடித்தது, குவாட்டர்பேக்கைக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) காக்கும் முன்வரிசை ஓட்டை, இருந்தும் டிராஃப்டில் அடுத்த வருட முதல் சுற்றுத் தேர்வைக் கொடுத்தாவது நம்பர் 1 தேர்வை வாங்கி குவாட்டர்பேக்கைப் பிடிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். (டிராஃப்ட் என்றால் அணிகள் சுற்றுச் சுற்றாகப் புது வீரர்களை எடுப்பது; மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு, தேர்வுகளை அணிகள் கைமாற்றிக்கொள்ளலாம்.) என் கருத்து: வேண்டாம்.

கரோலினா 2023-ல் இதைத்தான் செய்தது. குவாட்டர்பேக் பிரைஸ் யங்குக்காக, பந்தைப் பிடிக்கும் ரிசீவர் டிஜே மூரையும், 2024 முதல் சுற்று உட்பட நான்கு தேர்வுகளையும் சிகாகோவிடம் கொடுத்தது. பையனை அந்த சீசனில் எதிரணிகள் 62 முறை பந்தோடு தரையில் சாய்த்தன. அணிக்கு 2 வெற்றி, 15 தோல்வி. கொடுத்த 2024 தேர்வே நம்பர் 1 ஆகி, சிகாகோ அதில் குவாட்டர்பேக் கேலப் வில்லியம்ஸை எடுத்தது. வயிறு எரியாதா?

டெட்ராய்ட் 2021-ல் தலைகீழாகப் போனது. தன் குவாட்டர்பேக் ஸ்டாஃபோர்டை ராம்ஸ் அணிக்கு அனுப்பி, அவர்களின் குவாட்டர்பேக் ஜாரெட் காஃபையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தேர்வையும் வாங்கியது. அந்த வருட டிராஃப்டில் 7-வது தேர்வில் டேக்கிள் (முன்வரிசை ஓரத்தில் நின்று குவாட்டர்பேக்கைக் காப்பவர்) பெனே சூவல், சுவர் மாதிரி ஆள். ரிசீவர் அமோன்-ரா செயின்ட் பிரவுன் 112-வது தேர்வில் சிக்கினார்! அந்த வருடம் 3 வெற்றிதான், 2023-ல் 12.

சரி, ஸ்டாஃபோர்ட் மாதிரி விற்க ஆள் இல்லையென்றால்? கையில் இருக்கும் தேர்வைக் கொடுத்து, கொஞ்சம் பின்னால் வரும் தேர்வோடு கூடுதல் இரண்டாம் சுற்றுத் தேர்வு ஒன்றும் வாங்கப் பாருங்கள். முதலில் டேக்கிள். குவாட்டர்பேக் அப்புறம்.