இருக்கிற ரோட்டைத் திரும்பப் போட எதற்குச் சுற்றுச்சூழல் ஆய்வு?

கிராமப்புற இருவழிச் சாலையைப் புதுப்பிக்கும் முன், தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, விலங்குகள் எங்கே கடக்கின்றன, யார் நிலம் போகும், ஒன்றுமே செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்றெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் இந்த ஆய்வு. டைல்ஸ் ஒட்டும் முன்பே பைப் எங்கே போகிறது என்று பார்த்துவிடுகிறோம் இல்லையா, அதே காரணம்தான். பிறகு உடைத்தால் செலவு பல மடங்கு.

அமெரிக்காவின் மொன்டானாவில், பிளாட்ஹெட் பழங்குடி நிலம் வழியே போகும் 93ஆம் எண் நெடுஞ்சாலையை அகலப்படுத்த வந்தபோது அந்த மக்கள் விட்டுக்கொடுக்கவில்லை, நிலத்துக்கும் விலங்குகளுக்கும் இடம் வேண்டும் என்று நின்றார்கள். 2000இல் உடன்பாடு ஏற்பட்டது. அப்புறம் சுமார் 90 கிலோமீட்டருக்குள் 40 இடங்களுக்கு மேல் விலங்குகளும் மீன்களும் கடக்க வழி வந்தது, எவாரோ அருகே ஒரு மேம்பாலம் உட்பட. அருமையான வேலை!

ஆய்வு என்றாலே சாலையைத் தடுக்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 1970 முதல் நடப்பில் உள்ள அமெரிக்கச் சட்டம், விளைவுகளை ஆராய்ந்து மக்கள் முன் வைத்துவிட்டு முடிவெடு என்கிறதே தவிர, போடாதே என்று சொல்வதில்லை.